மருந்தடித்த வரப்பு

அத்தியாயம் 17

திங்கட்கிழமை காலை கொமாசியா வெறும் அரிசியைத்தான் வேகவைத்தாள். உப்பு, மேலே ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பச்சையாக ஒரு இலைகூட இல்லாமல் அந்த அடுப்பில் ஒரு சாப்பாடு தயாராவது, கல்யாணமாகி இந்த முப்பத்தோரு வருடத்தில் அநேகமாக இதுதான் முதல் தடவை.

மற்றத் திங்கட்கிழமைகளில் கதையே வேறு. உருளைக்கிழங்கு கொதிக்கும் தண்ணீரிலேயே பாஸ்தாவையும் போட்டு, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரூக்கா கீரையைக் கை நிறைய அள்ளிப் போடுவாள். பூண்டு தாளித்த எண்ணெயை மேலே ஊற்றினால் வேலை முடிந்தது. மிஞ்சினது ராத்திரி முட்டையோடு வாணலிக்குப் போகும். பழைய ரொட்டி இருந்தால் அதில் தண்ணீர் தெளித்து, தக்காளியும் பச்சை ரூக்காவுமாகப் பிசறிவிடுவாள். கடுகுக் காரமும் லேசான கசப்பும் உள்ள அந்தக் கீரை நாக்கில் படாவிட்டால் அவள் புருஷன் நுன்சியோவுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

இன்றைக்கு அவன் கட்டிலில் சுருண்டு படுத்து, சோறு போதும், எண்ணெய்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து எப்படி முடிந்தது என்று போன வாரம் பார்த்தோம். மகன் லேயோ வடக்கே பெர்கமோ பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த இலெனியா, எட்டு மாதமாக மாடிப் போர்ஷனில் குடியிருப்பவள், முதல்முறையாக எட்டுப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் செய்தாள். கீரை பறித்து வந்தது மாமியார். கழுவி ஆய்ந்து சமைத்தது மருமகள். எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நுன்சியோவின் அக்கா விட்டூச்சாவுக்கு வாந்தி ஆரம்பித்து, உடம்பு தெப்பமாக வியர்த்து, லேயோ காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கார்க் கதவைச் சாத்துவதற்குள் விட்டூச்சா தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

"கீரையைக் கழுவத் தெரியாதவ கையில அடுப்பைக் குடுத்தா இதான் நடக்கும்."

தெருவே கேட்டது. வடக்கத்திப் பெண், பிளாஸ்டிக் பையில் கீரை வாங்கிப் பழகியவள், அவளுக்கு மண் தெரியுமா, புழு தெரியுமா என்று ராத்திரிக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் கொமாசியா. தெரிந்தும் ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

அவள் கீரை பறித்தது சவேரியோவின் செர்ரித் தோட்டத்து வரப்பில். வருடா வருடம் பறிக்கிற இடம். இந்தத் தடவை அங்கே சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டி, பலகையும் நட்டிருந்தது. 'மருந்தடித்தது. தொடாதே.' அந்தப் பக்கத்தில் செர்ரி நிறம் மாறப்போகிறது என்றால் தோட்டக்காரர்கள் எல்லோரும் இந்தப் பலகையைத்தான் நடுவார்கள். மருந்தும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. பழம் திருடுகிறவர்களை மிரட்டுவதற்கு. ஒரே பலகையைப் பங்காளிகள் மாற்றி மாற்றி நடுவதுகூட உண்டு. கொமாசியா அதைப் படித்துவிட்டு, "உனக்கு வேற வேலை இல்ல, சவேரியோ" என்று சொல்லிக்கொண்டே ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வேரை விட்டுவிட்டுக் கத்தியால் இலையை மட்டும் அறுத்தாள். ஏதோ நெடி வந்தது. பக்கத்து ரோட்டில் தார் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் குளியலறை வாசலில் மடங்கி உட்கார்ந்த நிமிடம் அந்த நெடி அவள் மூக்கில் திரும்ப வந்தது.

போன் அடித்தது. லேயோ.

"அம்மா, டாக்டர் மிச்சம் இருக்கிற கீரையைக் கொண்டாரச் சொல்றாங்க. சமைக்காதது இருந்தா ரொம்ப நல்லதாம்."

"எதுக்குடா?"

"அத்தையோட கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. நாடியும் மெதுவாத்தான் அடிக்குது. வெறும் அழுக்குக் கீரையால இப்படி ஆகாதுங்கறாங்க. சீக்கிரம் வாங்கம்மா."

கொமாசியா போனை வைத்தாள். பின்கட்டில், வாளிக்குள், ஈரத்துணியில் சுற்றிய அரைக் கட்டு ரூக்கா இருந்தது. நேற்று மிச்சம் பிடித்து வைத்ததும் அவள்தான்.

எடுக்கத்தான் போனாள். அதற்குள் இலெனியா மாடிப்படி இறங்கி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

முதல் ஆறு மாதம் அந்தப் பெண் மாமியாரை 'சிஞ்ஞோரா' என்றுதான் கூப்பிட்டாள், யாரோ வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல. ஈஸ்டருக்குப் பிறகுதான் 'அம்மா' வந்தது. அதைக் கொமாசியா தேவாலய வாசலில் நான்கு பேரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

"சொல்லும்மா."

"நீங்க கொண்டாந்த கட்டு எனக்குச் சின்னதாத் தெரிஞ்சுது. எட்டுப் பேருக்குப் பத்தாம போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். சனிக்கிழமை கடையில இதை வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தேன். பாதியைப் பச்சையாச் சாப்பிடற தட்டுல கலந்துட்டேன்." பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். "இப்பத்தான் தேதியைப் பாத்தேன். சமைச்ச அன்னிக்கே ஒரு நாள் தாண்டியிருக்கு."

கொமாசியா பாக்கெட்டைப் பார்த்தாள். பாதி காலி.

"அத்தை பச்சையாத்தானே நிறைய சாப்பிட்டாங்க. வேகவெச்சா அது ரூக்காவே இல்லன்னு சொல்லிச் சொல்லி, ரொட்டியோட அள்ளி அள்ளித் தின்னாங்களே. நான்தான் அவங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டேன்." குரல் உடைந்தது. "உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அந்த வரப்புல பலகை இருந்துதும்மா.' அது கொமாசியாவின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை மென்று முழுங்கினாள். ரூக்கா என்றால் கொமாசியா, எந்த மேட்டில் எந்த இலை என்று அவளைக் கேள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். புதுப் பெண்கள் தாங்கள் பறித்ததைக் கொண்டுவந்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் உலையில் போடுவார்கள். அந்தப் பெயர் கண் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், தானாகவே நடந்து வந்து பழியை நீட்டிக்கொண்டு இந்தப் பெண்.

"போகட்டும் விடு," என்றாள் கொமாசியா. "தப்பு பண்ணாதவங்க யாரு? பழகப் பழகச் சரியாயிடும். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அதோடு விட்டாளா? மருமகளை இழுத்துத் தோளில் சாய்த்து முதுகையும் தடவிக் கொடுத்தாள்.

"திட்டுவீங்கன்னு நெனச்சேன்," என்றது தோளிலிருந்து குரல். "திட்டியிருந்தாக்கூட இவ்வளவு அழுகை வந்திருக்காது."

கொமாசியாவுக்குக் காது மடல் சுட்டது. தன் கையை யாராவது வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை, தடவிக்கொண்டேதான் இருந்தாள்.

"டாக்டர் கீரை கேக்கறாங்களாம். அந்தப் பாக்கெட்டை எடுத்துக்கோ."

"உங்க கட்டுல மிச்சம் இல்லையாம்மா?"

"தீந்து போச்சு."

உள்ளறையிலிருந்து நுன்சியோ முனகினான். "பின்னால வாளியில பாத்தேனே?"

"அது வாடிப்போச்சு. கோழிக்குப் போட்டுட்டேன்," என்று கொமாசியா குரல் கொடுத்தாள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமனாரின் காரை இலெனியாதான் ஓட்டினாள். கொமாசியாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு சவேரியோவின் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. கொமாசியா மறுபக்கத்துக் கற்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தோட்டத்துல மருந்தடிச்சிருக்குன்னு போட்டிருக்கே," என்றாள் இலெனியா.

"எந்தத் தோட்டத்துல?"

"இப்ப தாண்டினோமே. ரிப்பன்கூடக் கட்டியிருக்கு."

"அது சும்மா. பழம் திருடறவங்களைப் பயமுறுத்தறதுக்கு. இங்க எல்லாரும் வெப்பாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

இலெனியா கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினாள்.

"அப்ப யாராவது உண்மையிலயே மருந்தடிச்சா, அது எப்படித் தெரியும்?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. வெளியூர்ப் பெண் தெரியாமல் கேட்ட கேள்வி. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கும் இத்தனை வருடமாக இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. கொமாசியா ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். காற்று வேண்டியிருந்தது.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள்.

வார்டில் மூன்று கட்டில்கள். நடுக்கட்டிலில் விட்டூச்சா. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஒரு ராத்திரியில் பத்து வயது கூடினாற்போலக் கிடந்தாள். நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"வாம்மா, வா. இன்னிக்கு என்ன சமையல்?"

இலெனியா தலையைக் குனிந்துகொண்டாள். லேயோ ராத்திரி முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், எழுந்து பாக்கெட்டை வாங்கி டாக்டரிடம் கொடுத்தான். டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் பார்வை கூர்மை. பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கடைக் கீரை. இதுல அப்படி ஒண்ணும் இருக்கும்னு எனக்குத் தோணல. வயல்ல பறிச்சது இல்லையா?"

"தீந்துடுச்சாம்," என்றாள் இலெனியா.

"பறிச்சது யாரு, நீங்களா? பறிச்ச இடத்துல மருந்து ஏதாவது அடிச்சிருந்தாங்களாம்மா?"

கேள்வி கொமாசியாவுக்கு.

"வழக்கமாப் பறிக்கிற இடம்தான்," என்றாள். அது பொய் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

டாக்டர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். "பூச்சிமருந்தா இருந்தா, எந்த மருந்துன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்தபடி நான் வைத்தியம் பண்ணலாம். தெரியாத வரைக்கும் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க." பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தாள்.

பாக்கெட் இப்போது லேயோ கையில். தேதியைப் படித்தவனின் முகம் சிவந்தது.

"இதைக் கீரையோட எப்ப கலந்த?"

"நேத்து," என்றாள் இலெனியா.

"நேத்துன்னா? ராத்திரி பூரா நான் இங்க உக்காந்து என்ன ஆச்சோ, ஏது ஆச்சோன்னு செத்துக்கிட்டிருக்கேன். ஒரு போன் பண்ணி இதைச் சொல்ல முடியலையா உன்னால?"

"தேதியைக் காலைலதான் பாத்தேன், லேயோ."

"எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி எழுந்து, முதுகு ஒடியப் பறிச்சுக்கிட்டு வந்தது. அதுல கொண்டுபோய் இந்தக் குப்பையைக் கலந்திருக்க. எங்க வீட்டுல சாப்பிட்டு இதுவரைக்கும் ஒருத்தர் படுத்தது கிடையாது. தெரியலன்னா கேக்கணும். கேக்கக் கௌரவம் இடம் குடுக்கல, இல்ல?"

அவன் சத்தம் போடவில்லை. ஆனால் மூன்று கட்டில்காரர்களுக்கும் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்திருந்த பெண்மணி உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"தப்புதான்," என்றாள் இலெனியா. நிமிர்ந்து கொமாசியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. "அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க என்னை மன்னிச்சுட்டாங்க."

"அது கொமாசியாவோட மனசு," என்று விட்டூச்சா கட்டிலிலிருந்து ஒத்து ஊதினாள். "நானா இருந்தா அப்பவே பெட்டியைக் கட்டுன்னு சொல்லியிருப்பேன். உனக்குக் கிடைச்ச மாமியார் தங்கம்டி."

எல்லோரும் கொமாசியாவைப் பார்த்தார்கள். ஆரஞ்சுப் பெண்மணிகூட மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த மெச்சுதலைத் தாங்க முடியவில்லை. யாருடைய தங்க மனசோ தன் பெயரில் பேசப்படுவதைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ராத்திரியிலிருந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தது, அவள் யோசித்து முடிவெடுப்பதற்குள்ளாகவே வெளியே வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"என்னம்மா?" என்றான் லேயோ.

"கீரை சவேரியோ தோட்டத்து வரப்புல பறிச்சது. மருந்தடிச்சதுன்னு பலகை இருந்தது. படிச்சேன். சும்மா மிரட்டறான்னு நெனச்சு உள்ள போயிட்டேன்." அவள் தரையைப் பார்த்தே பேசினாள். "கட்டுல மிச்சம் இருக்கு. பின்கட்டுல, வாளியில. கோழிக்குப் போட்டேன்னு சொன்னது பொய்."

லேயோவின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் திரும்பி வந்தாள். திட்டவில்லை. "தோட்டக்காரர் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். லேயோ தன் போனில் நம்பரைத் தேடிப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அம்மாவிடம் நீட்டினான். தானே பேசியிருக்கலாம். பேசவில்லை.

"சவேரியோ அண்ணே, நான் கொமாசியா. நுன்சியோ வீட்டுல."

"சொல்லும்மா. விட்டூச்சா எப்படி இருக்கு? ஊரெல்லாம் அதே பேச்சு. உன் மருமக கீரையைச் சரியாக் கழுவலையாமே."

"அவ நல்லாத்தான் கழுவினா. நான் பறிச்சது உங்க செர்ரி வரப்புல. என்ன மருந்து அடிச்சிருக்கீங்க?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

"பலகை வெச்சிருந்தேனேம்மா."

"பாத்தேன்."

"ரிப்பனும் கட்டியிருந்தேன்."

"தூக்கிட்டுத்தான் உள்ள போனேன், அண்ணே."

சவேரியோ பெருமூச்சு விட்டது வார்டு முழுக்கக் கேட்டது. "மத்த வருஷமெல்லாம் சும்மாதான் வெச்சேன், கொமாசியா. அதை உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. இந்த வருஷம் பூச்சி தாங்கல. வியாழக்கிழமைதான் அடிச்சேன்." அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது. "உண்மையா அடிச்ச வருஷம் வாயால நாலு பேருக்குச் சொல்லியிருக்கணும். எனக்கும் தோணல."

மருந்தின் பெயரை டாக்டர் எழுதிக்கொண்டாள். எழுதும்போதே நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசி சொன்னாள். பயப்பட வேண்டாம், இனி சரியாகிவிடும், ஆனாலும் அந்தக் கட்டு உடனே வேண்டும், நேற்றுச் சாப்பிட்ட மற்றவர்களும் சாயங்காலத்துக்குள் வந்து பார்த்துவிட வேண்டும் என்றாள். லேயோ கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்காமலே போய்விட்டான்.

விட்டூச்சா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நினைக்கையில் பேசினாள்.

"பலகையை நீ பாத்த, இல்ல?"

"பாத்தேன், அண்ணி."

"நானா இருந்தாலும் பறிச்சிருப்பேன். அதை விடு." கண்ணைத் திறந்தாள். "ஆனா நேத்துலேந்து அந்தப் பொண்ணை நான் வாய்க்கு வந்தபடி திட்டறேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்திருக்க. என்னையும் சேத்து இல்ல அசிங்கப்படுத்திட்ட?"

கொமாசியா கட்டில் விளிம்பில் கசங்கியிருந்த போர்வையை நேராக்கினாள்.

"போ. போய் அவகிட்டப் பேசு."

இலெனியா அதற்குள் வார்டை விட்டு வெளியே போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொமாசியா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். எதிரே சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"ஏதாவது சொல்லும்மா. திட்டணும்னா திட்டிடு."

"பலகையை நம்பாம பறிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல," என்றாள் இலெனியா. குரல் அமைதியாகத்தான் இருந்தது. "அது யாருக்கும் நடக்கும். பயந்து போய் ராத்திரி சொல்லாம இருந்தீங்க, அதுகூட எனக்குப் புரியுது. நானும் பாக்கெட்டை ஒளிச்சு வெச்சவதானே."

கொமாசியா மெல்ல மூச்சு விட்டாள்.

"ஆனா காலைல என்னை மன்னிச்சீங்களே, சிஞ்ஞோரா."

அந்தப் பழைய வார்த்தை கன்னத்தில் அறைந்தது.

"முதுகைத் தடவினீங்க. நான் உங்க தோள்ல அழுதேன். கார்ல வரும்போது, எனக்கு இங்க ஒரு அம்மா கிடைச்சுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். அந்த ரிப்பனைத் தாண்டும்போதுகூட அதைத்தான் நெனச்சேன்." இலெனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பண்ணின தப்பை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. சரி. அந்த மன்னிப்பை எப்படித் திருப்பி வாங்கிக்குவீங்க?"

வெட்கம் என்றால் முகத்தைச் சுடும், காதைச் சுடும் என்றுதான் கொமாசியாவுக்கு இதுவரை தெரியும். இது எலும்புக்குள் குளிராக இறங்கியது.

இலெனியா எழுந்தாள். மாமனாரின் கார்ச் சாவியைப் பெஞ்சில் வைத்தாள்.

"எங்கம்மா போற?"

"ஊருக்கு. பன்னிரண்டு அம்பதுக்கு ஒரு ரயில் இருக்கு."

"லேயோ வந்துடுவான். அவன்கிட்ட ஒரு வார்த்தை—"

"லேயோ என்கிட்ட பேசினதை நீங்களும் கேட்டீங்க."

கொமாசியா அவளைத் தடுக்கவில்லை. தடுக்கக் கை நீட்டுகிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் ரயில் நிலையத்துப் பஸ்ஸில் ஏறினாள். கைப்பையைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை.

லேயோ திரும்பி வந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. கையில் ஈரத்துணிக் கட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"இலெனியா எங்க?"

இந்தத் தடவை கொமாசியா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டா. பன்னிரண்டு அம்பது வண்டி. உன்மேல கோபம் இருக்கு, ஆனா அவ போறது என்னாலதான். ஓடிப்போய்க் கூப்பிடு. நான் சொல்றதைக் கேளு. உங்க வீட்டு மாடியில இனிமே இருக்க மாட்டேன், தனியா ஒரு வீடு பாருன்னு அவ சொன்னா, சரின்னு சொல்லிடு. என்னைப் பத்தி யோசிக்காத."

லேயோ அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அதை அவ மார்ச் மாசமே கேட்டாம்மா. அம்மா மனசு நோகும், என் அம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதுன்னு சொல்லி, நான்தான் மாட்டேன்னேன்."

கட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

கொமாசியா கட்டைத் தூக்கிக்கொண்டு நர்ஸின் மேஜைக்குப் போனாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் செருப்பில் சொட்டியது. நர்ஸ் கையுறை போட்டுக் கீரையை ஒரு பையில் அடைத்து, சீட்டு ஒட்டி, பேனாவை எடுத்தாள்.

"பறிச்ச இடம்?"

கொமாசியா சொன்னாள்.

"பறிச்சவங்க யாரு?"

கொமாசியா அதையும் சொன்னாள். பக்கத்தில் தள்ளுவண்டி போகிற சத்தத்தில் அது நர்ஸுக்குக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா."

நடைபாதையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவள் தெருக்காரர்கள்.

"நான்தான்," என்றாள் கொமாசியா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பலகையைப் படிச்சுட்டுத்தான் பறிச்சேன். அதையும் எழுதிக்கோங்க."